கும்பிடும் சாமி வேறு, பார்க்கும் பொறுப்பு வேறு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடந்த சட்ட விழிப்புணர்வு அமர்வில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வக்கீல் வந்து பேசப் போறாங்கன்னதும் ஜீவனாம்சம், சொத்தில் பங்கு, கந்துவட்டிப் புகார் இப்படி ஏதாவது பேசுவாங்கன்னு நினைச்சிருப்பீங்க. அதெல்லாம் கேட்க வேண்டியவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் என்கிட்ட வாங்க, உட்கார்ந்து பேசுவோம். இப்போ நான் பேசப் போறது வேற ஒரு விஷயம்.

அடுத்த மாசம் உங்க கூட்டமைப்புக்குப் புதுப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கப் போறீங்க. இந்தத் தடவை ஒரு பேச்சு அடிபடுதுன்னு செயலாளர் அக்கா சொன்னாங்க. கோயில் தெருவில், “இந்த முறை நம்ம ஆளுதான் தலைவியா வரணும்”னு சொல்றாங்களாம். சர்ச் பக்கத்திலும் அதையேதான் சொல்றாங்களாம். பள்ளிவாசல் தெருவில், “நம்மளை எங்க கேக்கப் போறாங்க”ன்னு ஒதுங்கி நிக்கிறாங்களாம். அவங்க இதைச் சொன்ன உடனேயே, எழுதி வச்சிருந்த பேச்சை மடிச்சுப் பைக்குள்ள வச்சிட்டேன். ஒரு பொறுப்புக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அவங்க கும்பிடுற சாமியைப் பார்க்கலாமா? குழுப் பிரதிநிதியில் இருந்து உச்ச நீதிமன்ற நீதிபதி வரைக்கும் கேட்க வேண்டிய கேள்வி இது. இன்னிக்கு இதைப் பத்தியே பேசுவோம்.

முதல்ல எங்க வீட்டுக் கதை. எங்க அம்மாவும் குழு உறுப்பினர்தான். இதோ, மூணாவது வரிசையில் நீலச் சேலை கட்டி உட்கார்ந்திருக்காங்க. அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன்.

நான் பிளஸ் டூ படிச்ச காலம். அம்மா குழுவில் பதினாறு பேர். கூட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், அம்மன் கோயில் முன்மண்டபத்தில் நடக்கும். அங்கே வெளிச்சம் உண்டு, மழை வந்தாலும் நனைய வேண்டாம். கணக்கு நோட்டை அம்மன் முன்னால வச்சு, சூடம் காட்டி, குங்குமம் தொட்டு வச்ச பிறகுதான் கூட்டம் தொடங்கும். குழுவில் கிறிஸ்தவங்க மூணு பேர், முஸ்லிம் ஒருத்தங்க. அந்த நாலு பேரும் மண்டபத்துப் படியில் உட்கார்ந்துதான் சந்தா கட்டுவாங்க. யாரும் அவங்களைப் படியில் உட்காரச் சொன்னதில்லை. மேலே வாங்கன்னும் யாரும் சொன்னதில்லை.

பிரதிநிதியை மாத்த வேண்டிய நேரம் வந்தது. தையல் வேலை செய்யும் ஒரு கிறிஸ்தவ அக்கா இருந்தாங்க. பத்தாவது படிச்சவங்க. ரெண்டு வருஷமாக் குழுக் கணக்கை எழுதிக் கொடுத்ததே அவங்கதான். வங்கியில் நோட்டைப் பார்த்துட்டு ஒரு குறையும் சொன்னதில்லை. அவங்க பேரைச் சொன்னதும் ஒரு பெரியம்மா பேசினாங்க: “அவ நல்லா எழுதுவா, இல்லைன்னு சொல்லல்ல. ஆனா நோட்டை அம்மன் காலடியில வச்சு எடுக்கணும்லா? அவளால முடியுமா? அவளுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.”

கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கு பாருங்க. பன்னிரண்டு கை வேற ஒருத்தருக்கு உயர்ந்தது. அதில் எங்க அம்மா கையும் ஒண்ணு.

தேர்ந்தெடுக்கப்பட்டவங்க நல்லவங்க. குழுப் பணத்தில் ஒரு ரூபாய் தொட்டதில்லை. பக்தியிலும் குறை இல்லை. தினமும் காலையில் கோயிலுக்குப் போவாங்க. அங்கே சந்திக்கிறவங்க தங்களோட கஷ்டத்தைச் சொல்வாங்க. யாருக்கு உள்கடன் வேணும்னு அங்கேயே மனசுக்குள்ள ஒரு வரிசை உருவாகிடும். வெள்ளிக்கிழமை கூட்டம் கூடும்போது அந்த வரிசை முடிவாகியே இருக்கும். படியில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் கோயிலுக்கு வர்றவங்க இல்லையே, அதனால அவங்க பேரு எப்பவும் கடைசியில்தான் வந்தது.

ஒரு மாசம் அந்த முஸ்லிம் அக்காவோட வீட்டுக்காரர் சாரத்தில் இருந்து விழுந்துட்டார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஐயாயிரம் ரூபாய் கேட்டாங்க. கையிருப்பில் பணம் இருந்தது. ஆனா அது வேற ரெண்டு பேருக்குன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு. ஒருத்தருக்கு வீட்டு ஓடு மாத்த, இன்னொருத்தருக்கு ஒரு சடங்குச் செலவுக்கு. “அடுத்த கூட்டத்துல பாப்போம்”னு பதில் வந்தது. அந்த அக்கா அன்னிக்கு ராத்திரியே கந்துவட்டிக்கு வாங்கினாங்க. அதைக் கட்டி முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு அப்புறம் அவங்க கூட்டத்துக்கு வரவே இல்லை. பதினாறு பேரு பதினஞ்சு பேராச்சு.

யாரும் அவங்களைப் போகச் சொல்லல. யாரும் தப்பு செய்யணும்னு நினைக்கவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது. ஒருநாள் சோறு வடிச்சுக்கிட்டே அம்மா சொன்னாங்க, “நான் கை தூக்கினப்ப சாமிக்காகத் தூக்குறேன்னு நினைச்சேன்...” அதுக்கு மேல பேசல.

இதே கதை நம்ம மண்ணில் பெரிய அளவில் நடந்திருக்கு. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோட சேர்ந்தது. அதுக்கு முன்னால திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்தோம், அது உங்களுக்குத் தெரியும். கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, 1811-ஐ ஒட்டி, நூற்றுக்கணக்கான கோயில்களையும் அவற்றின் நிலங்களையும் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. அந்தக் கோயில்களைப் பார்க்கும் வேலை வருவாய்த் துறை கையில் போச்சு. தாசில்தார் நிலவரியும் வசூலிக்கணும், கோயில் காரியமும் பார்க்கணும்.

இப்போ யோசிங்க. கோயில் காரியம் பார்க்க வேண்டிய நாற்காலியில் கிறிஸ்தவரும் முஸ்லிமும் உட்கார முடியாது. தீண்டாமையைச் சொல்லிக் கோயிலுக்குள்ளேயே விடாத ஈழவரும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதியினரும் உட்கார முடியாது. “உனக்கு வேலை கிடையாது”ன்னு முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போச்சு. “நீங்க கோயில் காரியம் பார்க்க முடியாதே”ன்னு சொன்னாப் போதும். அதிகாரம் மிகுந்த ஒரு துறையின் கதவு அப்படியே சாத்திக்கிச்சு. வரி கட்டுறவங்களில் எல்லா மதத்தாரும் உண்டு. வரி வாங்கும் நாற்காலியில் மட்டும் அவங்க கிடையாது.

டாக்டர் பல்ப்பு என்று ஒருவர். ஈழவ சமூகத்தில் பிறந்தவர், சென்னையில் மருத்துவம் படித்துத் தேறியவர். பிறந்த திருவிதாங்கூரில் அவருக்கு அரசு வேலை கிடைக்கல. மைசூருக்குப் போய் வேலை பார்த்தார். அவர் முன்னின்று 1896-ல் மன்னருக்குக் கொடுத்த மனுவில் 13 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டாங்க. பிறகு 1919 வாக்கில் கிறிஸ்தவர், ஈழவர், முஸ்லிம் மூன்று தரப்பும் சேர்ந்து குடியுரிமைக்காகக் குரல் கொடுத்தாங்க. அவங்க கேட்டது சின்ன மாற்றம்தான்: வருவாய்த் துறையையும் கோயில் நிர்வாகத்தையும் பிரிச்சு விடுங்க. 1922-ல் அரசு தேவஸ்வத்துக்குத் தனித் துறை அமைத்தது. கோயிலுக்கு ஒரு குறையும் வரல, பூஜையும் நிக்கல. ஆனா மத்தவங்களுக்குச் சாத்தியிருந்த கதவு திறந்தது.

அம்மா குழுவிலும் கடைசியில் அதுதான் நடந்தது. அடுத்த வருஷம் கூட்டத்தை அங்கன்வாடி வராண்டாவுக்கு மாத்தினாங்க. அம்மன் கோயிலில் இருந்து இருநூறு அடிகூட இருக்காது. தையல் அக்கா பிரதிநிதி ஆனாங்க. அம்மனுக்கு வெள்ளிக்கிழமை பூஜை எப்பவும் போல நடந்தது. போன அக்கா மட்டும் திரும்பி வரல.

சரி, நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது? அரசமைப்புச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசு வேலையில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் போன்ற காரணத்துக்காக மட்டும் யாரையும் ஒதுக்கக் கூடாதுன்னு சொல்லுது. உயர் நீதிமன்ற நீதிபதி ஆக என்ன தகுதி? இந்தியக் குடிமகனாக இருக்கணும். பத்து வருஷம் நீதித்துறைப் பதவியில் இருந்திருக்கணும், இல்லைன்னா பத்து வருஷம் உயர் நீதிமன்ற வழக்கறிஞராக இருந்திருக்கணும். சாமி பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குடியரசுத் தலைவருக்கும் அப்படித்தான்.

பதவி ஏற்கும்போது உறுதிமொழி எடுக்கிறதை டி.வி.யில் பார்த்திருப்பீங்க. சிலர் கடவுள் பெயரால் ஆணையிட்டுச் சொல்வாங்க. சிலர் உளமார உறுதி கூறுவதாகச் சொல்வாங்க. ரெண்டுக்கும் சட்டத்தில் ஒரே மதிப்பு. கடவுளை நம்புறவங்களுக்கும் நம்பாதவங்களுக்கும் ஒரே நாற்காலி. ஆனா அதுக்குப் பின்னால சொல்ற வாக்கில் சலுகை இல்லை. நீதிபதி என்றால் பயம், தயவு, விருப்பு, வெறுப்பு எதுவும் இல்லாமல் கடமையைச் செய்வேன்னு சொல்லியே ஆகணும். ஒருத்தர் யார் பேரில் சத்தியம் செய்யணும்ங்கிறது அவங்க இஷ்டம். எதுக்குச் சத்தியம் செய்யணும்ங்கிறதைச் சட்டம் சொல்லுது.

தேர்தலிலும் இப்படித்தான். மதத்தின் பேரைச் சொல்லி ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. வேட்பாளரோட மதத்தை மட்டும் இல்லை, வாக்காளரோட மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தப்புதான்னு உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. ஏழு நீதிபதிகளில் நாலு பேர் அப்படிச் சொன்னாங்க, மூணு பேர் மாறுபட்டாங்க. படிச்சவங்களுக்குள்ளேயே விவாதம் இருக்கிற விஷயம், அதையும் மறைக்காமல் சொல்றேன்.

எல்லா இடத்திலும் மதத்தைப் பார்க்கவே கூடாதா? அப்படியும் இல்லை. ஒரு கோயிலை நிர்வகிக்கிற பதவி என்றால் அந்த மதத்தைச் சேர்ந்தவராக இருக்கணும்னு சட்டம் கேட்கலாம். அதே 16-ஆவது பிரிவு அதுக்கு இடம் கொடுக்குது. நம்ம அறநிலையத் துறைச் சட்டமும் அப்படிக் கேட்குது. அது நியாயம்தான், ஏன்னா அங்கே வேலையே மதம் சார்ந்தது. பங்குப் பேரவைக்கு ஆள் எடுக்கும்போது அந்தப் பங்கு மக்களில் இருந்துதான் எடுப்பாங்க. ஆனா குழுக் கணக்கு, கடன், வழக்கு, ரேஷன், குடிநீர் இதுக்கு மதம் கிடையாது. கோயில் வேலைக்குக் கேட்க வேண்டிய கேள்வியைக் குடிநீர் வேலைக்குக் கேட்டால்தான் குழப்பம்.

இன்னொரு கேள்வி வரும். “அப்போ இடஒதுக்கீடு மட்டும் ஏன் சாதி, மதம் எல்லாம் கேக்குது?” நல்ல கேள்வி. திருவிதாங்கூரில் 1930-களில் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் சேர்ந்து நிவர்த்தனப் போராட்டம் நடத்தினாங்க. சட்டசபையிலும் அரசு வேலையிலும் எங்களுக்கும் இடம் வேணும்னு கேட்டாங்க. நீ என்ன நம்புறேன்னு கேட்டுக் கதவைச் சாத்துறது ஒண்ணு. ரொம்பக் காலமாகச் சாத்தியிருந்த கதவுக்கு வெளியே யார் நின்னாங்கன்னு கேட்டுத் திறந்து விடுறது வேற ஒண்ணு. ரெண்டும் ஒரே கேள்வி மாதிரித் தெரியும், ஆனா ஒண்ணு இல்லை.

ஆனா சட்டத்திலேயே இன்னும் தீராத சிக்கலும் உண்டு. 1950-ஆம் வருஷ ஆணைப்படி, பட்டியல் சாதி என்ற தகுதி இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியரையும், 1990-ல் பௌத்தரையும் சேர்த்தாங்க. கிறிஸ்தவராக மாறின தலித் பெண், பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கின வார்டில் நிக்க முடியாது. அவங்க தெரு மாறல, அவங்களை மத்தவங்க நடத்துற விதமும் பெரும்பாலும் மாறல. இதைப் பத்தி உச்ச நீதிமன்றத்தில் நெடுங்காலமாக வழக்கு நடக்குது. இங்கே உட்கார்ந்திருக்கிற சில பேருக்கு இது வெறும் சட்டப் புத்தகச் செய்தி இல்லைன்னு எனக்குத் தெரியும். அதான் சொல்லாமல் போக மனசு வரல.

இப்போ ரெண்டு பெண்களைப் பத்திச் சொல்றேன். அன்னா சாண்டி திருவனந்தபுரத்தில் பிறந்த கிறிஸ்தவப் பெண். வக்கீலாக இருந்தவர். 1937-ல் திருவிதாங்கூரில் முன்சீப் ஆனார். இந்து மன்னரின் அரசாங்கம், கிறிஸ்தவப் பெண் நீதிபதி. 1959-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். இந்தியாவில் ஒரு பெண் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனது அதுதான் முதல் முறை.

இவரைப் பார்த்துத்தான், பத்தனம்திட்டாவில் மீரா சாகிப் என்ற ஒரு முஸ்லிம் தகப்பனார் தன் மகளைச் சட்டம் படிக்கச் சொன்னார். அந்த மகள்தான் பாத்திமா பீவி. 1950-ல் வழக்கறிஞர் மன்றத் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். 1958-ல் முன்சீப். படிப்படியாக மேலே வந்து 1989 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். பின்னால நம்ம தமிழ்நாட்டுக்கே ஆளுநராக வந்தார். 2023-ல் காலமானார்.

அந்தத் தகப்பனாரை நினைச்சுப் பாருங்க. “அது கிறிஸ்தவப் பொண்ணு, நமக்கு என்ன”ன்னு அவர் நினைக்கல. நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தார். என் மகளும் அங்கே உட்காரலாம்னு நினைச்சார். நம்மைவிட வேற சாமியைக் கும்பிடுற ஒருத்தி பொறுப்புக்கு வந்தா நமக்கு நஷ்டம்னு நினைக்கிறோமே, அவள் திறந்த கதவு வழியா நாளைக்கு நம்ம வீட்டுப் பிள்ளையும் போகலாம்.

“கடவுள் பயம் இருக்கிறவ தப்பு செய்ய மாட்டா, அதுக்குத்தான் பார்க்கிறோம்”னு சிலர் சொல்வீங்க. இருக்கலாம். எங்க அம்மாவும் கடவுள் பயம் உள்ளவங்கதான், நானும் சாமி கும்பிடுறவதான். என் பக்தி எனக்கு நேர்மையைக் கத்துக் கொடுத்திருக்குன்னு நான் நம்புறேன். ஆனா என் மனசுக்குள்ள இருக்கிற பயம் எவ்வளவு நிஜம்னு உங்களால பார்க்க முடியுமா? அதைச் சாமிதான் பார்க்கும். உங்களால பார்க்க முடிஞ்சது என்னோட கணக்கு நோட்டு, தீர்மானப் புத்தகம், நான் மத்தவங்களை நடத்துற விதம். சாமி பார்க்க வேண்டியதைச் சாமிகிட்ட விடுங்க. நம்ம பார்க்க வேண்டியதை நம்ம பார்ப்போம்.

அடுத்த மாசம் யார் பேரைச் சொன்னாலும் மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, கேட்ட உடனே கணக்கைக் காட்டுவாங்களா? ரெண்டு, தனக்குப் பிடிக்காதவங்க கடன் விண்ணப்பத்தையும் வந்த தேதி வரிசையில் எடுப்பாங்களா, அவசரம்னா யாருக்கா இருந்தாலும் ஒரே மாதிரி பார்ப்பாங்களா? மூணு, தப்பைச் சுட்டிக் காட்டினா காது கொடுத்துக் கேட்பாங்களா? இதுக்கு “ஆமா” என்று பதில் வந்தால், அவங்க நெத்தியில் குங்குமம் இருந்தா என்ன, கழுத்தில் சிலுவை இருந்தா என்ன, தலையில் முக்காடு இருந்தா என்ன? பதில் “இல்லை” என்று வந்தால், நம்ம மதமாகவே இருந்தாலும் கை தூக்காதீங்க. நம்ம ஆளுன்னு கண்ணை மூடிக்கிட்டுத் தேர்ந்தெடுத்தா, அவங்க தப்பு செய்யும்போது நம்மளால கேள்வியும் கேட்க முடியாது.

கூட்டம் நடக்கிற இடத்தையும் பாருங்க. எல்லாரும் ஒரே தரையில் உட்காரக்கூடிய இடமா? படியில் யாராவது உட்கார்ந்திருக்காங்களா? தொடங்கும்போது ஒரு நிமிஷம் அமைதியாக இருங்க. அந்த நிமிஷத்தில் அவங்கவங்க சாமியை அவங்கவங்க கும்பிடட்டும்.

1982-ல் மண்டைக்காட்டுக் கலவரம் நடந்த மாவட்டம் இது. பெரியவங்களுக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. அதுக்குப் பிறகு இந்த ஊர்களில் இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் ஒரே நோட்டில் கையெழுத்துப் போட்டு, ஒருத்தி வாங்கின கடனுக்கு இன்னொருத்தி பொறுப்பு ஏற்று இத்தனை வருஷம் நடத்தியிருக்கோம். அதை ஒரு தேர்தல் பேச்சுக்காக விட்டுடாதீங்க.

இங்கே வர்றதுக்கு முன்னால அம்மாகிட்ட கேட்டேன், “உங்களைப் பத்திப் பேசலாமா?”ன்னு. “பேசு. நான் கை தூக்கினதையும் சேர்த்துச் சொல்லு”ன்னாங்க. சொல்லிட்டேன், அம்மா.